மின்விசிறியின் மேல்பக்கம்

பெருக்காதே என்றார் லியோங்.
பெருக்கினால் எழுந்து நிற்கும்,
விளக்கணைத்த பிறகு வந்து உட்காரும்.
ஜொகூரிலிருந்து விடியுமுன் பாலம் கடந்து வருபவர்.
கண்ணாடியைக் கழற்றியபோது
கண்ணைச் சுற்றி மட்டும் மனித நிறம்.

கிளமெண்டியில் பதினோராம் மாடி,
மறுவிற்பனையில் வாங்கிய வீவக வீடு.
இரண்டு படுக்கையறைகளிலும்
பாய் முடைந்தாற்போல் விரல்நீளக் கட்டைகள்.
முரட்டு உப்புத்தாளுக்குக் கரும்பழுப்பாய்க் கொட்டியது
பழைய வார்னிஷ்.
நடுத்தரத் தாளுக்கு மல்லிப்பொடி.
கடைசித் தாளுக்கு வந்ததற்கு
நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை,
மூக்குக்குத்தான் தெரிந்தது.

இது திருமதி சியா வீட்டாரின் முப்பத்தெட்டு வருடம்.
சாவி கைமாறிய அன்று ஒரே ஒருமுறை பார்த்தேன்.
சன்னலோரம் பியானோ இருந்தது என்றார்.
அதன் கால்கள் அழுத்திய குழிகள்
இப்போது நான்கு பைகளில்
மூன்றாவதிலோ நான்காவதிலோ இருக்கின்றன.

பையை வீட்டுக்குள் கட்டி வைக்காதே,
குப்பைக் குழாயில் போடாதே,
வார்னிஷ் கலந்த தூள் தானாகச் சூடேறும், தீப்பிடிக்கும்
என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.
தண்ணீர் தெளித்துச் சுமந்தேன்.
மின்தூக்கியில் ஒரு சிறுவன் கேட்டான், மாவா?

கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்திருந்தோம்.
பிளாஸ்டிக் விரிப்பு, நீல ஒட்டுநாடா, எல்லாம்.
ஆனாலும் பூட்டிய அலமாரிக்குள்
என் சீருடைக் காலரில்
விரலால் பெயரெழுதும் அளவுக்கு இருந்தது.

மேலிருந்து கீழாக.
கதவின் தலை, சுவிட்சின் புருவம்,
சன்னல் கம்பி ஒவ்வொன்றின் முதுகும்.
பிறகு உறிஞ்சும் இயந்திரம், கட்டை ஓடும் திசையில்.
பிறகு துணி. பிழிந்தால் ஒரு சொட்டும் அழக்கூடாது,
மரம் குடித்துவிடும்.

பகலெல்லாம் பிறர் நெஞ்சுக்கூட்டை
ஒளியில் வைத்துப் பார்ப்பது என் வேலை.
இரவு கைப்பேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து
குப்புறப் படுத்துப் பார்த்தேன்.
நேராகப் பார்த்தால் சுத்தம்.
சாய்த்துப் பார்த்தால் ஒரு வயல்.
மறுபடியும் துணி. மறுபடியும் துணி.
பத்தரைக்கு வயல் இல்லை.

வளவன் வந்தான்.
மழைக்கு முந்தைய புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
அப்பாடா என்று சுவிட்சைத் தட்டினான்.

மூன்று இறக்கைகள்.
கீழ்ப்பக்கம் துடைத்திருந்தேன்,
படுத்தால் கண்ணில் படுவது அதுதானே.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும் இல்லை.
பிறகு இறங்கியது,
அவசரமே இல்லாமல்,
அறை முழுவதற்கும் நேரம் இருப்பதைப்போல.

நான் கத்தவில்லை. கத்தினால் வாய் திறக்க வேண்டும்.
அவன் இமையில் சியா குடும்பம்.
ஏழு தும்மல் எண்ணினேன், எட்டாவதில்
யார் முதலில் சிரித்தோம் என்று இன்றுவரை தகராறு.

நள்ளிரவு. கதவின் தலையிலிருந்து மறுபடியும்.
அவன் ஏணியில், நான் வாளியருகே.
வாசல்மணி.
பத்தாம் மாடி மஸ்னா,
கையில் தூசி படிந்த வெள்ளைத் தொழுகையுடை.
மன்னிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
எங்கள் வீட்டிலும் இதே கட்டைதான், என்றார்.
சதுரஅடிக்கு எவ்வளவு வாங்கினான்?

காலை ஒன்பதுக்கு லியோங்
தன் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார்,
எதுவும் சொல்லாமல் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.

மூன்று நாள் கழித்து, காலுறையோடு உள்ளே போனோம்.
சன்னலோரம், பியானோ இருந்த இடத்தில்,
வார்னிஷுக்கு அடியில் ஒரு முடி.
அரை அங்குலம். வளைந்தது.
என்னுடையது என்கிறான். உன்னுடையது என்கிறேன்.
லியோங்கைத் தொலைபேசியில் கேட்டேன்.
அடுத்த முறை இழைக்கும்போது போய்விடும், என்றார்.
இந்தக் கட்டை இன்னும் ஒருமுறைதான் தாங்கும்,
அதனால் அவசரப்படாதே.